பட்டா இல்லாத வண்டி

பட்டாக்காரன் தன் சொந்த வண்டியில் பட்டாவையே கழற்றிப் போட்டான் என்றால் வடாலாவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பேச்சிராஜா அதைத்தான் செய்தான்.

பட்டா என்றால் நிலத்துக்குக் கொடுக்கிற பட்டா இல்லை. தாராவியில் அந்தப் பட்டாவைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. இது லாரிக்கு அடியில், சக்கரங்களைச் சேர்க்கும் அச்சின்மேல், அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள். சுமை ஏறினால் அமுங்கும், இறங்கினால் நிமிரும். வடாலா லாரி நிறுத்தத்தில் மல்லாந்து படுத்து, உடைந்த பட்டாவை மாற்றுவதும் தொய்ந்ததை அடித்து வளைவு ஏற்றுவதும்தான் மீசை முளைத்த நாளிலிருந்து அவன் பார்த்த வேலை. பம்பாய் மழையும் லாரிக்காரர்களின் பேராசையும் இருக்கிற வரைக்கும் பட்டா உடைந்துகொண்டேதான் இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பான்.

அந்த மழைதான் அவனையும் உடைத்தது. ஜாக்கிக்குக் கீழே வைத்த மரக்கட்டை சேற்றில் நழுவி, லாரி அவன்மேல் உட்கார்ந்துவிட்டது. உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தங்கவில்லை. அது நடந்து ரெண்டு வருஷம் ஆகிறது.

அவன் பெண்டாட்டி மாரிசெல்வி, தோல்பை தைக்கிற பட்டறையில் மிஷினில் உட்காருகிறவள். பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை ரெண்டு பேரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அவள் ஆள் ஒல்லி. ஆனால் அந்த ஒல்லி உடம்புதான் ஆறடி ஆம்பளையைத் தூக்கியது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு இப்போது அவனே பலகை போட்டு நகர்ந்து கொள்கிறான். கைகளில் பழைய வலு அப்படியே இருக்கிறது. ஆனால் டாக்ஸியோ டெம்போவோ, ஏற வேண்டும் என்றால் அவள் கைதான். அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, "ம்" என்று ஒரு மூச்சு விட்டு அவனை உயர்த்துவாள். கல்லியில், அந்த ஒடுங்கிய சந்தில், நிற்கிறவர்கள் உதவிக்கு வந்தால் அவனுக்குப் பிடிக்காது. மூட்டையை ஏற்றுகிற மாதிரி என்பான்.

இந்த ஆடி மாதத்தில்தான் கணேசபாண்டியன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வடாலாவில் பட்டாக் கடை வைத்திருப்பவர், பேச்சிராஜாவின் பழைய முதலாளி. காப்பியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"வேல இருக்குடே பேச்சி. புதுப் பட்டாவ எடுத்துட்டுப் போயி கேரேஜ் கேரேஜா குடுக்கணும். எந்த வண்டிக்கு எந்தப் பட்டான்னு பாத்த ஒடனே சொல்ல ஒன்னய விட்டா ஆளு இல்ல. டெம்போ ஓட்ட முடியுமா, கையாலயே?"

"முடியும் அண்ணாச்சி. பிரேக்கு, கிளட்ச்சு எல்லாம் கைக்கு மாத்தித் தாராங்க. ஆர்.டி.ஓ.வுலயும் எழுதி வாங்கிக்கிடலாம்."

"சரக்க ஏத்தி எறக்க எங்கிட்ட ஆளு இருக்கு. ஒன்னய ஏத்தி எறக்க நான் ஆளு வைக்க முடியாது. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. நீயா வரணும், நீயா போவணும். கணபதி கரைச்ச மறுநாளு வந்து நில்லு. வரலன்னா வேற ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

அவர் போன பிறகு பேச்சிராஜா வெகுநேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு வருஷத்தில் யாரும் அவனிடம் வேலையைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. மாரிசெல்வி டம்ளரைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் இந்த மனுஷன் இந்த அறைக்குள்ளேயே உளுத்துப்போவான் என்று அவளுக்குத் தெரியும்.

பிரேக்கும் கிளட்ச்சும் கைக்கு மாற்றிய பழைய டெம்போ ஒன்று கடனுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுகிற இடத்துக்குப் பின்னால் இருக்கிற தகட்டை வெட்டிவிட்டால், பின்பக்கமாக நாற்காலியோடு ஏறி, தளத்தில் உருண்டு போய், ஸ்டீரிங்குக்கு நகர்ந்துவிடலாம். ஆனால் தளம் அவன் நெஞ்சு உயரத்தில் நின்றது. பலகை சாய்த்தால் சுவரில் ஏணி சாய்த்த மாதிரி செங்குத்தாக இருக்கிறது. நீளப் பலகை போடலாம் என்றால் தாராவி ரோட்டில் அவ்வளவு இடத்தை யார் விடுவார்கள். வண்டியைத்தான் இறக்க வேண்டும்.

தப்ரேஸின் வெல்டிங் பட்டறை அவர்கள் கல்லி ரோட்டைத் தொடுகிற முனையில் இருக்கிறது. மேலப்பாளையத்துக்காரர், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று அடித்துக் கொடுப்பவர். பேச்சிராஜாவும் அவரும் ஒரே வயசு, ஒரே திமிர். பட்டறை வாசலில் தார்ப்பாயைக் கட்டி, அதற்குக் கீழே டெம்போவை நிறுத்தினார்கள்.

"பட்டா இருக்க வரைக்கும் இது எறங்காதுவே" என்றான் பேச்சிராஜா. "பட்டாவுக்கே ஒரு ஒசரம் இருக்குல்லா. அத எடுத்துருவோம்."

"எடுத்துட்டு? வண்டி காத்துலயா நிக்கும்?"

"காத்துலதான் நிக்கும். காத்துப் பை வைப்போம், பெரிய பஸ்ஸுல இருக்குமே, அது. குர்லா பங்கார் கடையில, பழைய சாமான்ல கெடைக்கும். காத்த விட்டா வண்டி அப்படியே குந்திரும். நான் ஏறுதேன். காத்த ஏத்துனா எந்திரிச்சிரும்."

"பைய வச்சா அச்சு எங்கிட்டாவது ஓடிராதா?"

"அதுக்குத்தான் கை வைக்கோம். சேஸிஸ்ல இருந்து அச்சுக்குக் கீழ ரெண்டு கை, மேல ரெண்டு கை. நாலு இரும்புக் கை புடிச்சிக்கிட்டா முன்ன பின்ன போவாது. மேலயும் கீழயும் மட்டும் ஆடும்."

தப்ரேஸ் தாடியைச் சொறிந்தார். "பட்டாக்காரன் பேசுத பேச்சாவே இது" என்றார். ஆனால் அவர் கண்ணில் ஆசை வந்துவிட்டதை மாரிசெல்வி பார்த்தாள். ஜன்னல் கம்பியே அடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் விடுவானா.

அடுத்த நாளிலிருந்து வீடே பட்டறையாகிவிட்டது. சேலைக்கடை அட்டைப்பெட்டியை நீள நீளமாக வெட்டி, கதவின் பலகையில் குண்டூசி குத்தி மாட்டினான் பேச்சிராஜா. இது சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், இது அச்சு, இது கை. அட்டை அச்சை விரலால் மேலே தள்ளுவான், கீழே இழுப்பான். கை குட்டையாக இருந்தால் அச்சு ஏறும்போது முன்னால் இழுபடுகிறது. நீளமாக இருந்தால் நேராக ஏறுகிறது. மேல்கையும் கீழ்க்கையும் சமமாக இல்லாவிட்டால் அச்சு மூக்கைத் தூக்கிக்கொள்கிறது. இன்ஜினிலிருந்து வருகிற ஷாப்ட் மூட்டில் முறிந்துவிடும். ஒவ்வொன்றையும் அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தான். மாரிசெல்வி சோறு பொங்கிக்கொண்டே கேட்டாள். பாதிதான் புரிந்தது. ஆனால் அவன் குரல் பழைய குரலாக இருந்தது, அது போதும் அவளுக்கு.

வண்டிக்கு அடியில் போவதற்குத்தான் ஆள் இல்லை. பேச்சிராஜா போக முடியாது. தப்ரேஸுக்கோ வயிறு முதலில் போய் மாட்டிக்கொள்ளும், ஆள் வெளியே நிற்பார். மாரிசெல்விதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தைக்கிற டேப்போடு உள்ளே போனாள். சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து அளவு சொல்லுவாள். மேலிருந்து அவன் கேட்பான், அவள் கீழிருந்து சொல்லுவாள். கல்லிப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே வரும்போது சக்கரத்தைப் பிடித்து, உதட்டைக் கடித்து, பையத்தான் எழுந்திருப்பாள். யாரும் பார்க்காத மாதிரி.

தப்ரேஸின் மனைவி ஹபீபா பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. போன தையிலேயே அவள்தான் மாரிசெல்வியை டாக்டரிடம் கூட்டிப்போனவள். முதுகெலும்பின் தட்டு ஒன்று பிதுங்கியிருக்கிறது, இனி குடத்தைக்கூடத் தூக்காதே, தூக்கினால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார் டாக்டர். குடத்தையா அவள் தூக்குகிறாள்?

"தம்பிட்ட சொல்லிருட்டி" என்றாள் ஹபீபா, அடுப்படியில் உட்கார்ந்து அவள் இடுப்பில் எண்ணெய் தேய்த்தபடி. "எத்தன நாளைக்கு மறைப்ப?"

"சொன்னா அம்புட்டுதான்க்கா. என்னயத் தொடவே விட மாட்டாரு. ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டாரு, எங்கயும் வர மாட்டாரு. அப்படியே சுவத்தப் பாத்துக் கெடந்துருவாரு. இந்த வண்டி ஒண்ணு ஆயிரட்டும். அதுக்குப் பொறவு யாரு தூக்கப்போறா?"

"ஆவுறதுக்குள்ள நீ விழுந்துட்டா?"

"விழ மாட்டேன்."

"ஆமா, நீ இரும்பு. உளுந்தங்களியாவது கிண்டித் தின்னு. இடுப்புக்கு நல்லது."

மாரிசெல்வி அன்று உளுந்தங்களி கிண்டினாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறிய வாசம் கல்லி வரைக்கும் போனது. பேச்சிராஜா உருண்டையைக் கையில் வாங்கி கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதை அப்படியே அவள் தட்டில் வைத்தான். எனக்கு இனிப்பு வேண்டாம், நீ சாப்பிடு என்றான். மனுஷன் என்ன கோபத்தில் இருக்கிறானோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பழைய பட்டாக்களைக் கழற்றிய அன்று மழை கொட்டியது. அச்சு மேலேறி வர வழிவிட்டு, தப்ரேஸ் சேஸிஸை வெட்டி வளைவு வைத்து ஒட்டினார். நாலு கைகளையும் மாட்டி, காற்றுப் பைகளைப் பொருத்தி, காற்றடிக்கிற கம்ப்ரஸரை முன்னால் வைத்தாயிற்று. சுவிட்சைத் தட்டினால் புஸ்ஸென்று காற்றிறங்கி, வண்டியின் பின்பக்கம் எருமை குந்துகிற மாதிரி தாழ்ந்தது. பலகையைச் சாய்த்து, பேச்சிராஜா சக்கரத்தைக் கையால் தள்ளித் தள்ளி மேலே ஏறினான். ஒருத்தர் கையும் படவில்லை. கல்லியே கைதட்டியது.

மாரிசெல்வியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தான். நேர் ரோட்டில் வண்டி கப்பல் மாதிரிதான் போனது. டி ஜங்ஷனில் திரும்பினான். பின்னால் மடார் என்று ஒரு சத்தம். வண்டியின் பின்பாதி ஒரு பக்கமாக நழுவியது. டயர் தகட்டில் உரசிக் கிழிந்து, ரப்பர் நாற்றம் எழுந்தது. வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. காற்றுக் குழாயும் அறுந்து வண்டி ஒரு பக்கமாகக் குந்திவிட்டதால் பலகை சாய்க்கவும் வழி இல்லை, வண்டியை உயர்த்தவும் வழி இல்லை. பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் லாரி, எல்லாருடைய ஹாரனும்.

போலீஸ்காரர் வந்து, ஆளை முதலில் இறக்கு என்றார். நாலு ஆண்கள் ஓடிவந்து பேச்சிராஜாவின் கால்களையும் இடுப்பையும் பிடித்தார்கள். அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். யார் கேட்கிறார்கள். அவன் தலை தொங்கிவிடக்கூடாதே என்று மாரிசெல்வி அக்குளுக்குக் கீழே கை கொடுத்தாள். தூக்கினாள். இடுப்பில் ஏதோ சட்டென்று விட்டுப்போனது. கண் இருட்டியது. ஆனால் பிடியை விடவில்லை, மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்ததால் அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணாந்து கிடந்த பேச்சிராஜா மட்டும் அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தான்.

அதற்குப் பிறகு அவன் வெளியே வரவில்லை. கதவுப் பலகையில் குத்தியிருந்த அட்டைகளைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தான். தப்ரேஸ் வந்து கூப்பிட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மாரிசெல்வி பயந்துபோனாள். வண்டி போனால் போகட்டும், இந்த மனுஷன் பழையபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டானே என்பதுதான் பயம். மிஷினில் உட்கார்ந்தால் வலி காலில் இறங்குகிறது, எழுந்தால் முதுகில் ஏறுகிறது. ரெண்டுக்கும் நடுவில் அவள் இவனுக்குச் சோறு ஊட்டாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் தட்டை நகர்த்திவிட்டு, "தப்ரேஸக் கூப்புடு" என்றான்.

தப்ரேஸ் வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடியே வந்தார்.

"முட்டாப் பயலுவவே நாம" என்றான் பேச்சிராஜா. "முன்ன பின்ன போவாதுன்னு சொன்னேன். சைடுல போவும்னு ஏம் புத்திக்கு எட்டல பாத்தீரா. நாலு கையும் நேராத்தான் நீட்டிக்கிட்டு இருக்கு. குறுக்க ஒண்ணும் இல்ல. திரும்பும்போது அச்சு பக்கவாட்டுல ஓடிருச்சு."

"ஆமா, அப்படித்தான் போயிருக்கு. பட்டா இருக்கும்போது ஏன் ஓடல?"

"அதத்தான் இத்தன நாளா கெடந்து யோசிச்சேன். பட்டா சும தாங்குதுன்னுதான் எனக்குத் தெரியும். வளைவு பாப்பேன், கனம் பாப்பேன், உடஞ்சா மாத்துவேன். அதே பட்டாதான் அச்ச எடத்த விட்டு நவுர விடாம புடிச்சிக்கிட்டும் இருந்திருக்கு. தனியா ஒரு கம்பி கேக்கல, ஒரு போல்ட்டு கேக்கல. அது பாட்டுக்குப் புடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. கழத்தி எறிஞ்ச பொறவுல்லா தெரியுது. இத்தன வருசம் பட்டாவ நெஞ்சுமேல வச்சு வேல பாத்திருக்கேன், அது செய்த பாதி வேல எனக்குத் தெரியல."

பட்டாவைப் பற்றித்தான் பேசுகிறான் என்று தப்ரேஸ் நினைத்தார். மாரிசெல்வியும் அப்படித்தான் நினைத்தாள்.

"இப்ப குறுக்க ஒரு கம்பி போடுவோம். ஒரு முனை சேஸிஸ்ல, மறு முனை அச்சுல. எவ்வளவு நீளமா போட முடியுமோ அவ்வளவு நீளம். வண்டி ஓடுத ஒசரத்துல அது மட்டமா நிக்கணும், அப்பதான் ஏறி எறங்கும்போது அச்ச ரொம்ப இழுக்காது. இன்னொண்ணு. வண்டி இன்னும் எறங்கணும்."

"என்னத்துக்கு? அன்னைக்கு ஏறுனீரே, சர்ருன்னு."

"பத்தாது."

"வேய், அதுக்கு சேஸிஸ் வளைவ மறுபடி அறுக்கணும். இன்னும் ஒசத்தி ஒட்டணும். தளத்துலயும் வெட்டணும். கணபதி கரைக்கதுக்குள்ள முடியாது பாத்துக்கிடும்."

"பத்தாதுன்னா பத்தாதுவே. அந்த சாய்வு ஆவாது."

அதுவரைக்கும் வாசலில் நின்றுகொண்டிருந்த மாரிசெல்விக்குப் பொறுக்கவில்லை. அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. அன்று போட்டாள்.

"ஒங்களுக்கு என்னதான் வேணும்? அண்ணாச்சி ஒரு நாளு சொல்லிருக்காரு. அந்த நாளு போச்சுன்னா வேல போச்சு. ஏறத்தான் முடியுதே, அப்புறம் எதுக்கு வீம்பு? ஏங் கை பட்டுறக்கூடாது, அதான ஒங்களுக்கு? ரெண்டு வருசமா இந்தக் கைதான் தூக்குச்சு. இப்ப அது ஆவாமப் போச்சோ?"

பேச்சிராஜா அவளை நிமிர்ந்து பார்த்தான். "இனிமே நீ வண்டிக்கு அடியில போவாத" என்று மட்டும் சொன்னான். "தப்ரேஸு, அளவெடுக்க வேற ஆளப் பாரும்."

அது அவளுக்கு அறைந்த மாதிரி இருந்தது. அடியில் படுத்து அளவு சொன்ன நாட்கள்தான் ரெண்டு வருஷத்தில் அவள் சந்தோஷமாக இருந்த நாட்கள். அதையும் பிடுங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைத்தாள், துணி மாற்றினாள், வேலைக்குப் போனாள். ஹபீபாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். ஆம்பளைகளுக்குக் கால் போனாலும் கர்வம் போகாது என்றாள் ஹபீபா.

தப்ரேஸ் கடையில் வேறு வேலை எடுக்காமல் அறுத்து ஒட்டினார். கணபதி வந்தார், தெருவெல்லாம் பந்தல், மோதகம், ஒலிபெருக்கி. பட்டறையில் மட்டும் பொறி பறந்துகொண்டிருந்தது. பேச்சிராஜா நாற்காலியில் உட்கார்ந்து குறுக்குக் கம்பியின் மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பார்ப்பான், கழற்றச் சொல்லுவான், திரும்ப மாட்டச் சொல்லுவான். மணல் மூட்டைகளை ஏற்றி, இறக்கி, ஒரு பக்கமாக ஏற்றி, இரும்புக் கடப்பாரையால் அச்சைப் பக்கவாட்டில் நெம்பிப் பார்ப்பான். அசையாது. இன்னொரு தரம் நெம்புங்கவே என்பான். தப்ரேஸ் அவனைத் திட்டிக்கொண்டே நெம்புவார்.

கணபதி கரைத்த மறுநாள் காலை. ராத்திரி ஆட்டத்தின் குலால் வண்ணப்பொடி ரோட்டில் சிவப்புச் சேறாகக் கிடந்தது. தூறல். அண்ணாச்சி சொன்ன நாள் அதுதான். தளத்தில் கடைசித் தகட்டை ஒட்டிவிட்டுத் தப்ரேஸ் கையை உதறினார்.

பேச்சிராஜா சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான். சுவிட்சைத் தட்டினான். வண்டி இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பலகை இப்போது சாய்வு என்று சொல்ல முடியாத அளவுக்குப் படுத்திருந்தது. நனைந்த பலகையில் ஒரே தள்ளில் மேலே போய்விட்டான். பின்கதவைக் கயிற்றால் இழுத்துச் சாத்தினான். ஸ்டீரிங்குக்கு நகர்ந்தான். வண்டி எழுந்தது. டி ஜங்ஷன் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கிளம்பினான்.

மாரிசெல்வி கூப்பிட்டால் ஏறலாம் என்று நின்றாள். அவன் கூப்பிடவில்லை.

வண்டி முனையில் மறைகிற வரைக்கும் அவள் பார்த்தபடி நின்றாள். ஆசைப்பட்டது இதற்குத்தான். இருந்தாலும், அவனுக்கு இனி அவள் எதற்கு என்று ஒரு நினைப்பு வந்து நின்றது. சும்மா நிற்க முடியாமல், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை ஓரமாகத் தள்ளிவைப்போம் என்று குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. தப்ரேஸின் கம்பிக் கதவைப் பிடித்தபடி பாதி வளைந்து நின்றாள். ஹபீபா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

"அவரு வந்துரப் போறாருக்கா. நேரா நிறுத்திவிடு" என்றாள் மாரிசெல்வி. அதற்குள் வண்டி வந்துவிட்டது. திருப்பத்தில் ஒரு சத்தமும் இல்லாமல், இடத்தைவிட்டு இம்மியும் நகராத அச்சோடு வந்து நின்றது. பேச்சிராஜா பின்பக்கத்தை இறக்கினான். பின்கதவு திறந்து பலகை விழுந்தது. அவன் இறங்கவில்லை.

"ஏறு" என்றான்.

"எங்க?"

"சயான் ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு என்ன?"

"காலுதான் போச்சு எனக்கு. காது போவலட்டி. ஒரே அறையில படுத்துக் கெடக்கோம். நீ திரும்பிப் படுக்கையில பல்லக் கடிக்கது கேக்காதா? டி ஜங்ஷன்ல ஒம் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்துக்கிட்டுல்லா கெடந்தேன்."

அவள் ஹபீபாவைப் பார்த்தாள். ஹபீபா நான் சொல்லவில்லை என்று தலையாட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றாள்.

"கேட்டு? நீ ஒண்ணுமில்லன்னு சொல்லுவ. சொல்லிட்டு மறுபடி தூக்குவ. தூக்க விடாம செஞ்சிட்டுத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

தப்ரேஸ் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்ப அந்த சாய்வு..."

"எனக்கு மொதல்ல வச்ச சாய்வே போதும்வே. மழையில பலக நனைஞ்சா நான் ரெண்டு வாட்டி வழுக்கி மூணாவது வாட்டி ஏறிருவேன். இவ ரெண்டாவது வாட்டியே ஓடியாந்து முதுகக் குடுத்துத் தள்ளுவா. இவள எனக்குத் தெரியாதா? வழுக்கவே கூடாதுல்லா."

ரோட்டில் ஒருத்தன் உறுமியைத் தட்டிக்கொண்டு போனான். நேற்றைய கொண்டாட்டம் அவனுக்கு இன்னும் முடியவில்லை.

"அண்ணாச்சி காத்திருப்பாரே" என்றாள் மாரிசெல்வி. "இன்னைக்குத்தான நாளு."

"போன் போட்டுச் சொல்லிட்டேன். மொத சவாரி எம் பெண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குன்னேன். இருந்தா வேல இருக்கட்டும், இல்லன்னா அவரு வேற ஆளப் பாத்துக்கிடட்டும். நீ ஏறு."

முன்னால் உட்கார வேண்டும் என்றால் காலைத் தூக்கிப் படியில் வைக்க வேண்டும். அவளால் முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. ஹபீபாவின் தோளைப் பிடித்துப் பலகையில் கால் வைத்தாள். காலை உயர்த்தவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுத் தரையில் நடக்கிற மாதிரி நடந்து உள்ளே போனாள். பக்கத்தில் ஒரு பெஞ்சு ஒட்டியிருந்தார்கள். அதில் மெத்தைத் துண்டு ஒன்று விரித்திருந்தது. சரக்கு வண்டியில் பெஞ்சு எதற்கு என்று தப்ரேஸ் கேட்டிருக்க வேண்டும், அவர்கூடக் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்தாள். ஹபீபா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெட்டிய பின்தகட்டு வழியாக அவன் முதுகு தெரிந்தது. ரெண்டு வருஷமாக அவள் அணைத்துத் தூக்கிய முதுகு. அவன் திரும்பாமலே, "பையத்தான் ஏத்துதேன், கம்பியப் புடிச்சிக்கோ" என்றான்.

கம்ப்ரஸர் முனக ஆரம்பித்தது. காற்றுப் பைகள் நிறைந்தன. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்ப, மாரிசெல்வி உட்கார்ந்தபடியே மேலே போனாள். பட்டறையின் கம்பிக் கதவும் தப்ரேஸின் தலையும் கீழே இறங்குவதைப் பார்த்தாள். தன்னை ஒருத்தர் தூக்குவது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. அடக்க முடியாமல் அழுதாள்.

"செல்வி, வலிக்கா?"

எப்போதும் சொல்லுகிற பதில்தான் வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டாள்.

"வலிக்கிங்க" என்றாள். "ரொம்ப வலிக்கி."